குங்குமம் வைத்த தேக்கு

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கே.ஜி.கண்டிகைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, 'சி.ஐ.டி. வீரபத்திரன் தோப்பு' என்று சொன்னால் போதும். டிரைவர் சிரித்துக்கொண்டே சரியான இடத்தில் இறக்கிவிடுவான். வீரபத்திரன் போலீசில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. பிறவியிலேயே சந்தேகக்காரன், அதனால் வந்த பட்டம் அது. டீக்கடையில் கிளாஸை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். மகள் அம்முவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி பிரமாதம் என்று புகழ்ந்தார்கள். "இவ்ளோ புகழ்றானுங்கன்னா பையன்கிட்ட இன்னாவோ கோளாறு இருக்குது" என்று அந்தச் சம்பந்தத்தையே தட்டிக்கழித்தான். அந்தப் பையன் இன்று ரயில்வேயில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான் என்பது வேறு கதை.

அவன் மனைவி சின்னம்மாள் அவனுக்கு அத்தை மகள். அதனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனை பாவா என்றுதான் கூப்பிடுவாள். "பாவா, உன் நிழலு உன் பின்னால வந்தாக்கூட யார்ரா நீன்னு கேட்டுட்டுத்தான் நடப்ப" என்று அவள் கேலி செய்யாத நாள் கிடையாது.

இப்பேர்ப்பட்ட மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒருவனை நம்பினான். அந்த ஒரு தடவையிலேயே ஆள் காலி.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. சென்னையிலிருந்து ஒரு தேக்குக் கம்பெனி வந்தது. பேர் எதற்கு, அந்தப் பேர் எழுதிய போர்டு கூட இன்று மிஞ்சவில்லை. ஒரு மரத்துக்குப் பணம் கட்டினால் இருபது வருஷத்தில் அது லட்சமாகத் திரும்பி வரும் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டார்கள். கண்டிகை பக்கம் நிலங்களை வளைத்து வாங்கினார்கள். நடுவில் வீரபத்திரனுடைய ஒன்றரை ஏக்கர் மட்டும் முரண்டு பிடித்தது.

கம்பெனி மேனேஜர் சூர்யநாராயணன் சஃபாரி சூட் போட்டுக்கொண்டு வீடு தேடி வந்தான். "வானத்துல ஓசோன்னு ஒரு போர்வை இருக்கு, அதுல ஓட்டை விழுந்துடுச்சு. மரம் நட்டாத்தான் உலகம் பொழைக்கும். இது வியாபாரம் இல்லைங்க, புண்ணியம்" என்றான். வீரபத்திரன் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஓட்டை எதுவும் தெரியவில்லை. விற்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். கடைசியில், நிலத்தை இருபது வருஷக் குத்தகைக்கு விடுவது, தோப்பு முழுவதற்கும் அவனே காவல்காரன், மாதச் சம்பளம் உண்டு என்று பேசி முடிந்தது. குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி அசல் பத்திரத்தைக் கேட்டார்கள். கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று சின்னம்மாள் இன்றைக்கும் கேட்கிறாள். அந்த மேனேஜர் மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தான், பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

பணம் கட்டியவர்கள் சென்னையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு, இறங்கி வரும் வழியில் தங்கள் மரத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் சொந்தக்காரர் பெயர் தொங்கியது. மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவார்கள். குழந்தைகள் தேக்குக் கொழுந்தைக் கசக்கிக் கை சிவந்ததும் கூச்சல் போடும். 'உன் கல்யாணம்டி இது' என்று ஒரு தகப்பன் மரத்தைத் தட்டி மகளிடம் காட்டியதை வீரபத்திரனே பார்த்திருக்கிறான்.

அவர்களில் ஒருத்திதான் காமேஸ்வரி. பெரம்பூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வயசான காலத்துக்கு ஆகட்டும் என்று சேர்த்ததையெல்லாம் மரத்தில் போட்டிருந்தாள். ஆடிக் கிருத்திகை தவறாமல் வருவாள். வந்ததும் கைப்பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றி அளப்பாள்.

"வாட்ச்மேன், போன வருஷத்துக்கு இப்ப ஒண்ணுமே பருக்கலையே? தண்ணி விடறியா, இல்லை மோட்டாரை வாடகைக்கு விடறியா?"

"நீங்க டேப்பை லூசா புடிச்சிக்கினு இருக்கீங்க மேடம். போன வாட்டியும் அப்டித்தான் புடிச்சீங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். சந்தேகத்தில் அந்த அம்மாள் வீரபத்திரனுக்கு இளைத்தவள் இல்லை.

தொண்ணூற்றெட்டில் கம்பெனி கம்பி நீட்டியது. சூர்யநாராயணன் சஃபாரி சூட்டோடு மாயமானான். ஊரெல்லாம் பட்டை நாமம். தோப்பு கோர்ட்டின் பிடிக்குள் போனது. வீரபத்திரனுடைய பத்திரத்தைக் கம்பெனிக்காரன் ஏதோ வங்கியில் அடகு வைத்திருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. சம்பளம் நின்றது. ஆனாலும் அவன் தோப்பைவிட்டு நகரவில்லை. மரம் இருந்தால்தான் என்றைக்காவது கணக்குத் தீரும், கணக்குத் தீர்ந்தால்தான் பத்திரம் திரும்பும். பாட்டன் வெட்டிய கிணறு உள்ள நிலம் அது. அவனுக்கு அதைவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

ஒருநாள் விடிந்து பார்த்தால் மூன்று மரங்களைக் காணோம். அடிக்கட்டைதான் இருந்தது. செய்தி சென்னைக்குப் போனது. பணம் கட்டியவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள், காமேஸ்வரிதான் அதற்குச் செயலாளர். காவல்காரன்மேல்தான் சந்தேகம் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஸ்டேஷனில் அவனைப் பகல் முழுக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள், அதுதான் அடி. தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு அன்று முழுக்கத் தெரிந்தது அங்குமிங்கும் நடந்த பிரவுன் ஷூக்கள் மட்டுமே. சாயங்காலம், சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக அரக்கோணம் ரோட்டில் இருந்த தஸ்தகீர் வெல்டிங் பட்டறைக்குப் போனான். தஸ்தகீர் அவனுடைய பால்ய சிநேகிதன்.

"பாய், எனக்கு ஒரு வேலு வேணும். ஆளு ஒசரத்துக்கு."

"இன்னா நைனா, காவடி எடுக்கப் போறியா? சாமியே எதிர்ல வந்தாலும் ரேஷன் கார்டு கேக்கற ஆளாச்சே நீ!"

"காவடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போலீசுக்குப் பயப்படாதவன் முருகனுக்குப் பயப்படுவான். இந்தச் சுத்துப்பட்டுல குங்குமம் வச்ச மரத்த எவன் வெட்டுவான், சொல்லு? எல்லா மரத்துக்கும் மஞ்ச தடவி பொட்டு வச்சிடப் போறேன். முன்னால ஒரு வேலு நட்டுட்டா முடிஞ்சிது."

தஸ்தகீர் சிரித்துக்கொண்டே பழைய லாரிப் பட்டையை எடுத்து வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். வீரபத்திரனுக்கு உடனே சந்தேகம். ஏன் வேண்டாம் என்கிறான்? வெல்டிங் சரியில்லையோ? வேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாக்காத நைனா. சாமி காரியத்துக்குக் கூலி வாங்கறது இல்ல."

"சாமி காரியம் இல்லன்னு இவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருக்கேனே!"

"அது உனக்கு. எனக்கு வேலுன்னா வேலுதான்."

சந்நிதித் தெருவில் மஞ்சளும் குங்குமமும் மூட்டையாக வாங்கி வந்து, தோப்பில் ஒரு மரம் விடாமல் தடவினான் வீரபத்திரன். பக்தியா? மண்ணாங்கட்டி. மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி அடையாளம் வைத்தான், அவ்வளவே. மழையில் கரைந்தால் மறுபடி வைக்க வேண்டும் என்று இடுப்பில் எப்போதும் ஒரு குங்குமப் பொட்டலம் சொருகிக்கொண்டான். டீக்கடையில் உட்கார்ந்து, கனவில் மயில் வந்தது, தோப்பைத் தனக்கு விடச் சொன்னது என்று ஒரு புளுகும் புளுகினான். வாழ்க்கையில் எதையும் நம்பாத சி.ஐ.டி.யே சொல்கிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பிவிட்டது. சின்னம்மாளும் நம்பினாள். அவளிடம்கூட அவன் விஷயத்தை உடைக்கவில்லை. அவள் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வேலுக்கு விளக்கேற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சிரித்துக்கொள்வான். பிறகு கிருத்திகைக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணி கட்டுகிறார்கள் என்று கூட்டம் பெருகியது. அதற்கப்புறம் அந்தத் தோப்பில் ஒரு கிளைகூட வெட்டுப்படவில்லை. விறகு பொறுக்கும் பெண்கள் உதிர்ந்த சுள்ளியைக்கூடத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மரங்கள் தொடைக் கனத்துக்கு வந்துவிட்டன. தோப்பை வெட்டி ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துத் தரும்படி சங்கம் கோர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்த சமயம். இரண்டாயிரத்து ஏழு ஆடியில், நரைத்த தலையோடு வந்த காமேஸ்வரி கூடவே ஒருவரை அழைத்து வந்தாள். ஸ்கந்தகுமார் என்று பெயர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மடிக்கணினி, பேச்சில் தேன்.

"ஐயா, வெளிநாட்டுல ஒரு நிதி இருக்கு. அங்க தொழிற்சாலைகள் புகை விடுது. பூமி சூடாகுது. அந்தப் புகையை மரங்கள்தான் உறிஞ்சுது. அதனால இந்த மரங்களை வெட்டாம நிறுத்தி வச்சா, வருஷா வருஷம் அந்த நிதி பணம் கொடுக்கும். சங்கத்துக்கும் வரும். அடகுல இருக்கற உங்க பத்திரத்தையும் மீட்டுக் கொடுத்துடலாம். நெலம் உங்க பேருக்கே திரும்பிடும்."

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் வீரபத்திரன் ஒரு அடி முன்னால் வந்தான். ஆனால் வாய் பழைய வாய்தானே?

"அவன் ஊர்ல வுடற பொகைய எம் மரம் குடிக்குதா? அது இங்க எப்டி வருது சார்?"

"காத்து எல்லாம் ஒண்ணுதானே ஐயா."

"வெட்டறதுக்குக் கூலி குடுப்பான், தெரியும். வெட்டாம சும்மா நிக்கறதுக்கு எவன் குடுப்பான்? ஓசோன் ஓட்டைன்னு ஒருத்தன் வந்து சொன்னான். அவன் போட்ட ஓட்டையே இன்னும் அடையல."

காமேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் உன்னை மாதிரி ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் கூட்டிண்டு வந்திருக்கேன். அடுத்த மாசம் ஒருத்தர் சோதனை பண்ண வருவார். பணம் வரலைன்னா மரத்தை என்ன பண்ணுவீங்கன்னு கேப்பார். வெட்டி வித்துடுவோம்னு சொல்லு. அதுதானே நிஜமும்? கோர்ட்ல கேட்டிருக்கோமே. அதை மாத்திரம் சொல்லு, வேற ஒண்ணும் பேசாதே."

அன்றிலிருந்து வீரபத்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரம் வரும் என்கிறார்கள், நல்லது. ஆனால் வெட்டுவேன் என்று என் வாயாலேயே ஏன் சொல்லச் சொல்கிறாள்? அன்றைக்குப் போலீசில் எழுதிக் கொடுத்தவள் இவள்தானே? மூன்று மரத்துக் கேஸ் இன்னும் முடியவில்லையோ? புரண்டு புரண்டு யோசித்தான். சின்னம்மாளிடம் சொன்னபோது அவள், "நெலம் வரட்டும் பாவா, அந்தம்மா சொல்றத சொல்லிடு" என்றாள். இவளையும் மயக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தான்.

சோதனைக்காரர் வந்தார். ஒட்ட வெட்டிய தலைமுடி, விறைப்பான நடை. காரிலிருந்து அவர் காலைக் கீழே வைத்ததும் வீரபத்திரனுக்கு உயிரே போய்விட்டது. பளபளவென்று பிரவுன் ஷூ.

தோப்பைச் சுற்றி வந்தார், மரங்களை அளந்தார், படம் பிடித்தார். பிறகு வேலுக்கு முன்னால் நின்று ஏதோ இங்கிலீஷில் கேட்டார். ஸ்கந்தகுமார் தமிழில் சொன்னார்: "பணம் வரலைன்னா இந்த மரங்களை என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறார்."

காமேஸ்வரி கண்ணால் ஜாடை காட்டினாள். இது போலீஸ் பொறிதான் என்பதற்கு அந்த ஜாடையே அவனுக்குக் கடைசிச் சாட்சியாகப் போயிற்று. வேலுக்கு எதிரில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் படாரென்று கையை அடித்தான்.

"மலை மேல இருக்கற முருகன் சத்தியமா சொல்றேன் சார்! காசு குடுத்தாலும் சரி, குடுக்காங்காட்டியும் சரி, இந்த மரத்துல ஒரு சுள்ளிய எவனும் தொட மாட்டான். நானும் தொட்டது இல்ல, தொடவும் மாட்டேன். கோர்ட்டே சொன்னாலும் அரிவாள் எடுக்கறதுக்கு இங்க ஆளு கிடையாது. வேணும்னா ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க!"

கேட்டார்கள். பொங்கல் வைக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆங், ஆங் என்றார்கள். ஸ்கந்தகுமார் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார். சோதனைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. வேலைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு எழுதிக்கொண்டார். காமேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தாள். போலீசை ஏமாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் வீரபத்திரன் அன்று இரண்டு டீ குடித்தான்.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலையில் ஸ்கந்தகுமாரும் காமேஸ்வரியும் மறுபடி வந்தார்கள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கிடைக்கலைங்க ஐயா" என்றார் ஸ்கந்தகுமார். "வெட்டுப்படப் போற மரத்தைக் காப்பாத்தத்தான் அந்தப் பணம். உங்க மரத்துக்கு ஆபத்தே இல்லைன்னு அவர் எழுதிட்டார். பணம் கொடுத்தாலும் நிக்கும், கொடுக்காட்டியும் நிக்கும். அப்போ எதுக்குக் கொடுக்கணும்னு கேக்கறாங்க."

"அவரு போலீசு இல்லியா?"

"யாரு? அவர் பெங்களூர்ல கணக்குத் தணிக்கை பண்றவருங்க!"

நிதியும் இல்லை, குங்குமம் வைத்த மரத்தை ஏலத்தில் எடுத்து வெட்டவும் ஆள் வராது என்பது வீரபத்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வாயாலேயே நிலத்தைத் தொலைத்திருக்கிறான். முதல் தடவை நம்பித் தொலைத்தான். இரண்டாம் தடவை நம்பாமல் தொலைத்தான்.

"சார், சார்! அது பூரா டூப்பு சார்! கனவும் இல்ல, மயிலும் இல்ல. திருட்டுப் பயத்துக்கு நானே தடவின குங்குமம். வேலு தஸ்தகீர் பாய் பட்டறைல லாரிப் பட்டைல பண்ணது. போய்க் கேளுங்க!"

விளக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சின்னம்மாள் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

ஸ்கந்தகுமார் சலித்துக்கொண்டார். "அன்னைக்குக் கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணீங்க. இன்னைக்குப் பணத்துக்காக மாத்திப் பேசறீங்க. எதை நம்பறது?"

"வெட்டிக் காட்டறேன் சார். ஒரு மரத்த இப்பவே வெட்டிக் காட்டறேன். அப்போ நம்புவீங்க இல்ல?"

"என் மரத்தை வெட்டு" என்றாள் காமேஸ்வரி. "கோர்ட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வெட்டு."

கிணற்று மேட்டில் இருந்த கோடரியை எடுத்து வந்தான். காமேஸ்வரியின் மரத்தில் மழைக்கு மஞ்சளும் கரைந்து குங்குமமும் கரைந்து, வெறும் பட்டைதான் இருந்தது. நல்லதாகப் போயிற்று, பொட்டில்லாத மரம். காலை அகட்டி நின்று கோடரியை ஓங்கினான். சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள், தடுக்கவில்லை. கடையில் வாங்கிய மஞ்சள்டா, நீ தடவினதுடா, வெட்டுடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாட்டன் கிணற்றை நினைத்தான். ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. கை இறங்கவே இல்லை. கடைசியில் கோடரி மெதுவாகப் பக்கத்தில் சரிந்து தரையில் விழுந்தது.

"விடுங்க ஐயா" என்றார் ஸ்கந்தகுமார். "அவர் எழுதினது சரிதான்." செருப்பில் ஒட்டிய சேற்றை உதறிவிட்டு ரோட்டை நோக்கி நடந்தார்.

வீரபத்திரன் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். காமேஸ்வரி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்பா வீரபத்திரா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்த மூணு மரத்தை நீ வெட்டலை."

"அப்பவே சொன்னேனே மேடம்."

"இப்பத்தான் நம்பறேன்."

"இப்ப நம்பி இன்னா ஆவப்போவுது? எம் பத்திரம் போச்சே! எங்க தாத்தா கெணறு போச்சே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே எழுந்தான். இடுப்புப் பொட்டலத்துக்குக் கை தானாகப் போயிற்று. ஒரு சிட்டிகை எடுத்து, ஈரப் பட்டையில் பொட்டு வைத்தான்.

காமேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். பொட்டு அழியாமல் அதற்குக் கீழே சுற்றிப் பிடித்து, குனிந்து பார்த்தாள்.

"ஒரு விரற்கடை பருத்திருக்கு" என்றாள்.

வீரபத்திரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பின் ஒரு முனையைத் தன் கையில் வாங்கி மரத்தோடு அழுத்தினான்.

"லூசா புடிச்சிருப்பீங்க மேடம். இன்னொரு வாட்டி அளங்க, பாக்கலாம்."